மூன்றாவது பெட்டி

"பையக் கீழ வைக்காத" என்று அழகுராஜா சொல்லியிருந்தார். அதனால் துணிப்பையைத் தோளில் மாட்டியபடியே ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றேன்.

அழகுராஜா என் வீட்டுக்காரர். கார் இன்றைக்கு ஓடினால் நான் அவரோடு நரிக்குடிக்குத் திரும்பலாம். ஓடாவிட்டால் அப்படியே விருதுநகர் பஸ் ஏறி, பாலவனத்தத்தில் என் அப்பா வீட்டில் இறங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி வரவே கூடாது. நடுரோட்டில் நின்றுபோன காரை லோடு வண்டியில் கட்டும்போதே தாயும் மகனும் பேசி முடித்துவிட்டார்கள்.

கார், என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. தை மாசம் வந்தது, மாசியில் நின்றது.

வண்டிக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி இருக்கிறதாம். ஈசிஎம் என்கிறார்கள். அது போய்விட்டது என்று அருப்புக்கோட்டை மெக்கானிக் தாவீதுராஜ் வேறு பெட்டி மாட்டினார். இந்த ஆனியில் அதுவும் போச்சு.

பெட்டிக்கு என்ன கேடு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. "இவ காலடி எடுத்து வச்ச நேரம்" என்றார் என் மாமியார் சுப்பம்மாள். அவ்வளவுதான். அந்த வீட்டில் உளுந்து பொங்காவிட்டாலும் என் ராசிதான், ஆடு குட்டி போடாவிட்டாலும் என் ராசிதான்.

மாமியார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாவீதுராஜ் கடுப்பில் இருந்தார். "டூப்ளிகேட் பெட்டியப் போட்டு ஏமாத்திட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீகளாமே. கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன், நல்லாப் பாத்துக்கங்க."

பெட்டியில் சொருகியிருந்த ஒயர்க்கட்டைப் பிடுங்கினார். உள்ளே ஊசி ஊசியாக இருந்ததெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"தண்ணி எறங்கியிருக்குண்ணே. மழையில கிழையில நின்னுச்சா?"

மழையாம்! எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். பெட்டிக்குக் கீழே காய்ந்த வேப்பிலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் மஞ்சள் வாடை அடித்தது.

கார் வந்த நாளிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அத்தை இதைச் செய்கிறார். ஒரு செம்பு மஞ்சள் தண்ணியில் வேப்பிலையைப் போட்டு, காரைச் சுற்றி, பானட்டைத் திறந்து உள்ளே ஊற்றுவார். மற்றவர்கள் சக்கரத்தில்தான் ஊற்றுவார்கள். வண்டி நின்ற பிறகு நானே ஒரு தடவை கேட்டேன். "சக்கரமா நின்னுச்சு? எஞ்சின்தான நின்னுச்சு?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

வண்டி நின்றதும் என் பீடை கழிய இன்னும் ஒரு செம்பு சேர்ந்தது.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அப்பாடா! இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுக்கெல்லாம் பதில் இதோ, இந்தப் பெட்டியில் ஒட்டிக் கிடக்கிறது.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் அந்த மஞ்சளை விரலால் சுரண்டி மோந்து பார்த்தார். பிறகு திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"இவதான் கழுவுறேன்னு கண்டபடி தண்ணிய அடிச்சிருப்பா. கூறுகெட்ட ஜென்மம்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

தெரியாத ஆளுக்கு எடுத்துச் சொல்லலாம். இவருக்குத்தான் தெரியுமே.

தாவீதுராஜ் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, மூன்றாவது பெட்டியை மாட்டினார். லேப்டாப்பை இழுத்து வைத்துச் சாவியையும் பெட்டியையும் பழக்கினார். பழக்காவிட்டால் வண்டி புதுப் பெட்டியை ஏற்றுக்கொள்ளாதாம். அதற்கு நேரமாகும் என்றார். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் நின்றார். வந்து ஆறு மாசமாகிறது, எனக்காக ஒரு நிமிஷம் அப்படி நின்றதில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆனது.

"இனி ஒருதரம் நின்னுச்சுன்னு வையி, நானே கொண்டுபோயி உங்கப்பன் வாசல்ல தள்ளிட்டு வந்துருவேன். கூப்பிட ஒரு நாயும் வராது" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுத் தாவீதுராஜோடு உள்ளே போனார்.

மாமியார் ரோட்டைத் தாண்டி வந்தார். ஒயர்கூடைக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். மஞ்சள் தண்ணி. உள்ளே வேப்பிலை மிதந்தது.

"புதுப் பொட்டியில்ல, ஊர்க்கண்ணு படும். ஏ புள்ள, வண்டி மூடியக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

பானட்டைத் தூக்கினேன். முட்டுக் கொடுக்கக் கம்பி இருந்தது. இருந்தாலும் கையாலேயே பிடித்துக்கொண்டேன்.

"அங்க இல்ல அத்தை. இந்தா, இந்தப் பக்கம். இந்தப் பொட்டி மேலயே ஊத்துங்க."

"ஒனக்கும் இன்னைக்குத்தான் புத்தி வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைக் கவிழ்த்தார்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை நானாகப் பாலவனத்தத்துக்கு ஓடியிருக்கிறேன். இரண்டு தடவையும் அப்பா சோறு போட்டு, பஸ் ஏற்றி, நரிக்குடிவரை வந்து விட்டுவிட்டுப் போனார். "அவுகளா அனுப்பிச்சா வா தாயி. நீயா வந்தா ஊரு என்னைய என்ன பேசும்?"

கடைசிச் சொட்டு வரை இறங்கட்டும் என்று பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பையைக் கீழே வைக்கவில்லை.