மூன்றாம் பக்கத்துப் பென்சில் எழுத்து

நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு ஒட்டுப் போடுவது அவள் வேலை. சாப்பாட்டு நேரத்தில், அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல் ஒன்றை ரசித்து ரசித்துப் படித்து வந்தாள். சந்தடியே இல்லாத கிராமம், அதில் ஒரு கொலை. மூன்றாம் பக்கத்திலேயே எவனோ பென்சிலால் எழுதியிருந்தான்: 'கொன்றவன் வண்டிக்காரன்.'

அழித்தாள். புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்கே எடுத்துப் போனாள். மறுநாளும் அதே எழுத்து.

"அதைத் தூக்கிப் போடுக்கா," என்றாள் கூட வேலை செய்கிறவள்.

"என் கதையைக் கெடுக்க இவன் யாரு?"

பத்து நாள் அழித்து அழித்துப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர் வண்டிக்காரன் இல்லை, ஊர் வைத்தியர். அதன் கீழே, அவள் பார்க்கப் பார்க்க, பென்சில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது: 'நான் கொல்லவில்லை.'

அவள் ரப்பரை எடுத்தாள்.

"எழுதுங்க வைத்தியரே. உங்க பென்சிலா, என் ரப்பரான்னு பாத்துடுவோம்."