தட்டிப் போட்ட பூண்டு

"உங்க வீட்டுல பருப்புக்குப் பூண்டைத் தட்டிப் போடுவாங்களா, முழுசாவா?"

பரிமாறும் ஜன்னல் வழியாகச் சமையல்கார அக்கா கேட்டபோது அவன் காலைச் சாப்பாட்டுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக அவித்த கிழங்கும் ரொட்டியும்தான் அந்தத் தட்டில் விழுந்திருக்கின்றன.

"தட்டித்தான். தோலோட. எதுக்குக்கா?"

"இன்னிக்கு மத்தியானம் உனக்கு மட்டும் பருப்புச் சோறு." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பூண்டைத்தான் பார்த்தாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. இந்த நாட்டில் தங்க அனுமதி கேட்டவர்களைப் பூட்டி வைத்திருக்கும் முகாம் அது. போன மாதம் எதிர்க்கட்டில் நெட்டையனுக்கு அவன் ஊர்ப் பீன்ஸ் குழம்பு வைத்தாள் அக்கா. மறுநாள் விடிவதற்குள் அவன் கட்டில் காலி. போன வாரம் பக்கத்துக் கட்டில்காரனுக்குச் சோளக் களி. அவனும் பையோடு போய்விட்டான்.

"வெளிய போனா முதல் போன் உனக்குத்தான்டா" என்று இருவருமே சொல்லியிருந்தார்கள். ஒரு பயலும் பண்ணவில்லை. வேலை கிடைத்த ஜோரில் மறந்திருப்பார்கள்.

போனை வாயருகே பிடித்து அம்மாவுக்குப் பேசி அனுப்பினான். "அம்மா, கிடைச்சிருச்சும்மா! ஆபீஸ்ல இன்னும் சொல்லல. ஆனா அக்கா பருப்பு வேக வச்சுட்டாங்க. இங்க அதான் கணக்கு!"

உடனே பதில் வந்தது. "எனக்கு அழுகையா வருதுடா. இந்தப் பக்கம் தலைவச்சும் படுத்துராத. அண்ணனை வெட்டுனவனுங்க நேத்தும் வந்து உன்னைத்தான் கேட்டுட்டுப் போனானுங்க. நீ அங்கயே இரு சாமி. ஆமா, பருப்புக்கு நெய் ஊத்துனாங்களா?"

மத்தியானம் வந்த பருப்பில் நெய் இல்லை. அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். ஜன்னலுக்குள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெங்காயத்துக்கு அழுவாங்க, பூண்டுக்குமா அழுவீங்க?" என்று கலாய்த்தான். "ஆமா, உங்களுக்கு மட்டும் எப்படிக்கா முன்னாடியே தெரியுது?"

"நாளைக் காலைச் சாப்பாட்டுல ஒரு ஆளைக் குறைச்சுக்கன்னு எனக்குத்தானே முதல்ல சீட்டு வரும்."

"அப்படிப் போடுங்க! நாளைக்கு நான் வெளிய டீ குடிப்பேன். கேட்டை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

அவள் இன்னொரு கரண்டி பருப்பை அவன் தட்டில் ஊற்றினாள்.

"நாலு மணிக்கு, தம்பி. ஆறு மணிக்கு உங்க ஊருக்கு பிளைட்டு."