வரிசையில் கடைசி

"மேடம், செல்லெல்லாம் நாளைக்குள்ள செத்துடும். மைக்ராஸ்கோப்புல ரெண்டு மணி நேரம் கொடுத்தா போதும்" என்று கெஞ்சினாள் அந்த ஆராய்ச்சி மாணவி.

கருவிக்கூடப் பொறுப்பாளர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "உன் முறை வியாழக்கிழமைதான். போ."

மாணவி மறுபேச்சுப் பேசாமல் போனாள். அவளுடைய ஆறு மாத உழைப்பு மண்ணாய்ப் போகும் என்று பொறுப்பாளருக்கும் தெரியும். அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு புகார்க் கடிதம் இருந்தது.

"மத்தவங்க அவசரம்னு வந்தா முறையை மாத்திக் கொடுக்கறீங்க. இந்தப் பொண்ணை மட்டும் நாலு தடவை திருப்பி அனுப்பியிருக்கீங்க. அவமேல அப்படி என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல சார்" என்றார் பொறுப்பாளர். "அவ நான் பெத்த பொண்ணு. அம்மா பொண்ணுக்குச் சலுகை காட்டறான்னு மத்த பசங்க பேசிடக் கூடாதேன்னுதான்..."

இயக்குநர் கடிதத்தை மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.

"இதை எழுதினதே அந்தப் பசங்கதாம்மா. பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்க பொண்ணு மட்டும்தான் போட மாட்டேன்னுட்டாளாம்."