எப்ப மரத்துச்சு?

"முதுகைப் பிளக்கலைம்மா. நாலு சின்னத் துளைதான். அது வழியா ஸ்க்ரூ போட்டு எலும்பை நிறுத்தியாச்சு," என்றார் டாக்டர். "ஆனா நரம்பு நசுங்கியிருக்கு. இனி நடப்பாரான்னு சொல்ல முடியாது." கட்டில் பக்கம் திரும்பினார். "கால் எப்ப மரத்துச்சு? விழுந்த உடனேயா, உங்களைத் தூக்கினப்பவா?"

பெயின்ட் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்த என் கணவரை அள்ளித் தோளில் போட்டு, காரில் உட்காரவைத்துக் கொண்டுவந்தவர் அவருடைய அண்ணன். சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விழுந்த உடனேயே போச்சு டாக்டர். அசைக்கவே முடியலை," என்றார் என் கணவர்.

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மனுஷர், "ஒரு டீ குடிச்சிட்டு வரேம்மா" என்று டாக்டர் பின்னாலேயே வெளியே போனார்.

நான் கட்டிலருகே குனிந்தேன்.

"விழுந்ததும் எனக்குப் போன் பண்ணினீங்களே. 'கால் ரெண்டையும் நல்லா மடக்கி நீட்டறேன், முதுகுதான் வலிக்குது, அண்ணன் தூக்க வரான்'னு சொன்னீங்களே!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் போன் வரவே இல்லைன்னு வெச்சுக்கோ. அவன் நிம்மதியா டீ குடிக்கட்டும்."