களிம்பு தேய்த்த கை

“டியூபுக்குள்ள இருக்கிறது மருந்தே இல்ல டாக்டர். வாஸ்லின்! இவ மாத்தி வச்சிருக்கா.”

மங்கையர்க்கரசி களிம்பு டியூபை மேசைமேல் எறிந்தாள். மருமகள் நீலாவதி கதவோரம் சுவரைப் பிடித்தபடி நின்றாள். நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

வியர்க்காதா பின்னே! பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போதே பார்த்தாயிற்று. எழுபது வயது மங்கையர்க்கரசி நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை அடக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். இவளோ நின்று நின்று வந்தாள். திருட்டு வெளிப்படப் போகிறதென்றால் கால் எப்படி முன்னே போகும்?

“மாத்திரை வச்சா நாக்குல சுருக்குன்னு குத்துது, நெஞ்சு வலி நிக்குது. கல்கத்தாக் கப்பல்ல வந்த இந்தக் களிம்ப ஒரு மாசமா இவதான் என் மார்ல தேய்க்கிறா. தண்ணியத் தேய்ச்ச மாதிரிதான். அடுத்த கப்பல்லயே இவள இந்தத் தீவ விட்டு மெயின்லேண்டுக்கு ஏத்தி விட்டுட்டுத்தான் மறுவேலை. பையன்கிட்டயும் சொல்லியாச்சு.”

“அங்க எனக்கு யாரு இருக்கா, அத்தை?”

“திருடறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்டி.”

டாக்டர் இராமகிருஷ்ணன் டியூபின் அடி மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். “இத யாரும் பிரிக்கலம்மா. மருந்து அசல்தான். மாத்திரை வந்த வலிய நிறுத்தும். களிம்பு தோல் வழியா மெதுவா ஏறி, வலி வராமப் பாத்துக்கும். ஏறினா முதல்ல தலை வலிக்கும். உங்களுக்கு வலிச்சுதா?”

“எனக்கா? அதெல்லாம் இந்த மகாராணிக்குத்தான். தேய்ச்சு முடிச்சதும் தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடுவா. பக்கா நாடகம்! இந்த வீட்ல நோயாளி நான் ஒருத்திதான், இன்னொருத்திக்கு இடமில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

டாக்டர் நிமிர்ந்தார். “எப்படித் தேய்ப்பாங்க?”

“உள்ளங்கையாலதான். தைலம் தேய்க்கிற மாதிரி, சூடு பறக்க.”

“அதுதான் தப்பு. தேய்க்கவே கூடாது. தாள்ல அளவாப் பிதுக்கி மார்ல ஒட்டணும். கையால தேய்ச்சா தேய்க்கிறவங்க உடம்புலயும் மருந்து ஏறிடும். இவங்க திருடலம்மா. தெரியாமப் பண்ணிட்டாங்க.”

மங்கையர்க்கரசிக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஒரு மாதமாகக் கறுவிக் கறுவி வளர்த்த வழக்கு, ஒரு துண்டுத் தாளில் தோற்றுவிட்டது.

“முட்டாக் கழுதை,” என்றாள். “கப்பலுக்குத் தப்பிச்சே. போ.”

டாக்டர் ஒரு கட்டுத் தாளை எடுத்து மங்கையர்க்கரசியிடம் கொடுத்தார். “இனிமே நீங்களே ஒட்டிக்கலாம். இவங்க கை படவே வேண்டாம்.”

அதைக் கேட்ட பிறகுதான் நீலாவதி சுவரை விட்டு நகர்ந்தாள். மாமியாரைத் தாண்டி டாக்டரின் மேசைக்கு வந்தாள்.

“தாள்ல ஒட்டணும், கை பட்டா நமக்கும் ஏறும்னு மருந்து குடுத்த நர்ஸம்மா அன்னைக்கே சொன்னாங்க. தெரிஞ்சேதான் தேய்ச்சேன்.”

“ஏம்மா?”

“எனக்கும் நெஞ்சு வலி டாக்டர்.”