தொடாத கிளாஸ்

மேசையில் மூன்று கிளாஸ் தண்ணீர் இருந்தது. சேதுராமன் ஒரே மூச்சில் குடித்தான். பஹ்மி பாதி குடித்தான். கிறகரி மட்டும் பேயைக் கண்டவன்போலக் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"குடியும் தம்பி, மலையேறி வந்திருக்கிறீர்" என்றார் நவரட்ணராஜா. முப்பது வருடம் கப்பலில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். சரக்குக் கப்பல் ஒன்றின் குடிதண்ணீர்த் தாங்கிகளைப் பார்க்க ஓர் ஆள் எடுக்கக் கண்டிக்கு வந்து, வாவிக்கு மேலே ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"வேணாங்க சார்" என்றான் கிறகரி.

வேலை செய்த கடை கலவரத்தில் எரிந்து இரண்டு வருடமாக வீட்டில் சும்மா இருக்கிறான். இந்த வேலையும் கை நழுவினால் நாவலப்பிட்டியில் யார் முகத்தில் விழிப்பது?

காலையில் அம்மா கொதித்தாறிய தண்ணீரைப் பெரிய போத்தலில் நிரப்பி, "கண்ட தண்ணியக் குடிச்சி வயித்தக் கெடுத்துக்காத" என்று நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பியிருந்தாள். பஸ்ஸை மூன்று செக்பொயின்ட்டில் நிறுத்தினார்கள். மூன்றிலும் ஆமிக்காரர் கண்ணில் பட்டது அந்தப் போத்தல்தான். பெற்றோலா, அசிட்டா, குடித்துக் காட்டு என்றார்கள். அவர்கள் போதும் என்னும்வரை குடித்துக் காட்டினான்.

வெறும் போத்தலோடு அவன் ஓடி வந்து சேர்ந்தபோது வேலை கேட்டு வந்த மற்ற இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். எப்போதும் கடைசி ஆள் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"சரி, தாங்கியை எப்பிடிச் சுத்தம் செய்வியள்?"

சேதுராமன் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். "குளோரின் கரைச்சி ஊத்தி, தாங்கி நெறையத் தண்ணி விடணும் சார். பைப் எல்லாத்தையும் தொறந்து, குளோரின் வாசம் வந்ததும் மூடிறணும். நாலு மணித்தியாலம் அப்படியே வச்சிருக்கணும்."

"நாலு மணித்தியாலமா!" என்று முனகினான் கிறகரி. நெற்றியில் வேர்வை, முழங்கால் இரண்டும் தாளம் போட்டன. ஜன்னலுக்கு வெளியே வாவி பளபளத்தது. அவன் சுவரையே பார்த்தான்.

"தண்ணி ஏத்துற ஹோஸ நெலத்துல போடக் கூடாது சார், வாய மூடி வைக்கணும்" என்று பஹ்மி தன் பங்குக்குச் சொன்னான்.

"நல்லது. நாலு மணித்தியாலம் முடிஞ்சா? கிறகரி, நீர் சொல்லும்."

"எல்லாத்தையும் வெளிய விட்டுறணும் சார். ஒரு சொட்டு உள்ள நிக்கக் கூடாது!"

என்ன வேகம், என்ன உறுதி! நவரட்ணராஜா மேசையில் ஓங்கித் தட்டினார்.

"மூண்டு பேரும் சரியாத்தான் சொன்னியள். ஆனா சோதினை அதில்லை. எங்கேயிருந்து வந்த தண்ணி எண்டு கேளாமல் துறைமுகத்தில ஏத்தினா, நடுக்கடலில முப்பது பேருக்கு வயித்தால போகும். நானும் உங்களுக்கு முன்னால தண்ணி வச்சன். கேளாமல் குடிச்சிட்டியள். தொடாதவர் இவர் ஒராள்தான். வேலை இவருக்குத்தான்!"

சேதுராமனின் முகம் தொங்கிப்போனது. "நா பாதிதான் சார் குடிச்சேன்" என்று பஹ்மி வாதாடிப் பார்த்தான்.

கிறகரி துள்ளி எழுந்தான். கண்ணில் நீர், முகத்தில் சிரிப்பு, ஒற்றைக் காலில் ஆட்டம். பையனுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது என்று நவரட்ணராஜாவும் பூரித்துப்போனார்.

"ஏன் குடிக்கேல்லை எண்டு இவையளுக்கும் ஒருக்காச் சொல்லும், தம்பி."

"அப்புறம் சொல்றேங்க சார், மொதல்ல கக்கூஸ் எந்தப் பக்கம்?"