கதறி அழும் முகம்

"பஸ்ல ஏறிட்டேன். இன்னும் எடுக்கல. போன் பண்ணாதீங்க, உங்க குரலக் கேட்டா இறங்கிருவேன். சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா எழுதுங்க."

கைபேசி படித்து முடித்தது.

அவனுக்குக் கண் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி பிலோமினாவுக்கும் தெரியாது. வருகிற செய்தியையெல்லாம் இருவருக்கும் கைபேசிதான் படித்துச் சொல்லும். இரண்டிலும் ஒரே பெண் குரல். சிலிண்டர் வருகிறது என்பதையும் பெண்டாட்டி போகிறாள் என்பதையும் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லும் பாழாய்ப்போன குரல்.

நேற்று "போறதுன்னா போ" என்று கத்தியது மட்டும் அவனுடைய சொந்தக் குரல்.

கூப்பிட்டுவிடலாம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். மீற மனம் வரவில்லை.

"போகாதே" என்று எழுதினான். அனுப்புமுன் படிக்கச் சொல்லிக் கேட்டான்.

போகாதே.

வாத்தியார் மிரட்டுவதுபோல் இருந்தது. அவள் காதிலும் இப்படித்தான் விழும்.

முன்னால் "தயவுசெய்து" சேர்த்தான். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பாகிவிட்டது. அழித்தான்.

பள்ளி விடுதியில் இருந்தபோது இருவரும் பிரெய்லில் எழுதிக்கொள்வார்கள். ஒவ்வொரு புள்ளியையும் ஊசியால் குத்த வேண்டும். அவள் கோபமாக எழுதினால் தாள் கிழிந்திருக்கும். விரல் வைத்ததுமே தெரிந்துவிடும். கைபேசி வந்தபின் யார் மெனக்கெட்டார்கள்?

இப்போதெல்லாம் அவன் நினைப்பதுகூட அந்தக் குரலில்தான். மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். அதுவும் அதே குரலில் வந்தது.

பயந்துபோனான்.

வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியைத் தொட்டான். வாயைத் திறந்தான்; வெறும் காற்றுதான் வந்தது. 'கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும்' என்றது கைபேசி.

கடைசியில், எழுதியதன் பக்கத்தில் ஒரு பொம்மை முகத்தைச் சேர்த்து அனுப்பினான்.

போகாதே. கதறி அழும் முகம்.

முன்பு இந்த முகங்களின் பெயரைக் கேட்டுக் கேட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

உடனே பதில் வந்தது.

"நெசமாவே அழுறீங்களா? இல்ல, பொம்மை மட்டும்தானா?"

அவன் அழுதுகொண்டுதான் இருந்தான். மோவாயிலிருந்து திரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆமாம் என்று எழுத விரல் வைத்தான். ஈரத்தில் எழுத்து விழவில்லை. சட்டையில் துடைத்தான். மறுபடி நனைந்தது. ஒரே ஒருமுறை 'ஆ' என்றது. அடுத்துத் தொட்டதில் அதையும் அழித்துவிட்டது.

அவள் காத்திருக்கிறாள். அது அவனுக்குத் தெரியும். இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

அதற்குள் அடுத்த செய்தி.

"புரிஞ்சிருச்சு. பஸ் எடுத்துட்டாங்க."

அவள் அழுதுகொண்டே எழுதினாளா என்று தெரியவில்லை.

மறுபடியும் படிக்கச் சொன்னான்.